பொய்ச்சண்டைன்னு தெரிஞ்சுதாங்க பார்த்தோம்

நெய்வேலிப் பக்கத்துக்காரன் எழுதுறான்னா சுரங்கம், நிலம், கீழே இறங்கிப்போன தண்ணி, இதைத்தான் எழுதுவான்னு நீங்க எதிர்பார்ப்பீங்க. எழுதியிருக்கேன், இனியும் எழுதுவேன். இன்னைக்கு வேற ஒரு கோபம். எட்டு மாசமா மனசுல கிடந்து புளிச்சுப்போனது. ஜான் சீனா பத்தி.

சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, நான் காத்திருக்கேன். நாற்பதைத் தாண்டின மனுஷன், நாலு ஏக்கர் கொல்லையும் ஒன்றரை ஏக்கர் கழனியும் வச்சிருக்கிறவன், அமெரிக்காக்காரன் ஜட்டி போட்டுக்கிட்டு உருள்றதைப் பத்தி ஆத்திரப்படுறானேன்னு உங்களுக்குத் தோணும். "அது எல்லாம் நடிப்பு சார், தெரியாதா உங்களுக்கு?" இந்த ஒரு கேள்வியைத்தான் என்னால தாங்கவே முடியலை. அதனாலதான் இந்தப் பதிவு.

தெரியும் சார். எனக்கு பதிமூணு வயசுலயே தெரியும்.

எங்க ஊர்ல அப்போ கேபிள் கிடையாது. மாமா சுரங்கத்துல வேலை, டவுன்ஷிப்புல குவார்ட்டர்ஸ். எங்க வீட்டுல இருந்து சைக்கிள் மிதிச்சா முக்கால் மணி நேரம். டவுன்ஷிப்பைப் பார்க்காதவங்களுக்கு ஒரு வார்த்தை: வட்டம் வட்டமா நம்பர் போட்டுப் பிரிச்ச ஊரு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நிழல் மரம், ஒரே அச்சுல வார்த்த மாதிரி வீடுங்க. வட்டம் நம்பரை மறந்துட்டா மாமா வீட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது. எங்க ஊர்ல கரண்டு வந்தா அதிசயம், அங்க போனா அதிசயம். மின்சாரம் எடுக்கிற ஊருக்குள்ள சைக்கிளை விட்டா வேற நாட்டுக்கு வந்துட்ட மாதிரிதான் இருக்கும்.

அந்த வீட்டுக் கூடத்துல, பாய் மேல உட்கார்ந்துதான் நானும் மச்சானும் டபிள்யூ டபிள்யூ எஃப் பார்த்தோம். அத்தை அதை "குண்டனுங்க சண்டை"ன்னுதான் சொல்லும். பலாச்சுளையைத் தட்டுல வச்சுட்டு, ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டு, "அய்யோ பாவம், பெத்தவ பார்த்தா என்ன ஆவா"ன்னு சொல்லிட்டுப் போயிடும். பிரெட் ஹார்ட், யோகோசூனா, ரேசர் ரமோன், அண்டர்டேக்கர். பெட்டிக்கடையில விக்கிற சீட்டுக்கட்டு வேற. உயரம், எடை, மார்பளவு, போட்ட சண்டை, ஜெயிச்ச சண்டைன்னு ஒவ்வொரு சீட்டுலயும் கணக்கு அச்சடிச்சிருக்கும். யோகோசூனா கையில இருந்தா எடையைக் கூப்பிடணும். இந்த ஞானம் கணக்குப் பரிட்சைக்கு உதவலை, வாழ்க்கைக்கு உதவிச்சு.

அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு எங்க ஊர்ல சத்தியமா நம்பினோம். செத்து, சவப்பெட்டியில போய், திரும்பி வந்தவர். மச்சானோட கிளாஸ்ல ஒருத்தன் அவர் செத்த தேதியே சொன்னான்.

ஒரு நாள் மாமா நைட் ஷிப்டு முடிச்சு வந்து, சட்டையைக் கழட்டி மாட்டிக்கிட்டே, "டேய், அவனுங்க ராத்திரி ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவானுங்கடா. எல்லாம் முன்னாடியே பேசி வச்சது"ன்னு சொன்னார். மச்சானுக்கு அழுகை வந்துடுச்சு. எனக்கு வரலை. ஏன் வரலைன்னு அப்போ புரியலை. இப்போ புரியுது, நான் கூத்து பார்த்து வளர்ந்தவன்.

எங்க தென்னாற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊர் குறைவு. பாரதம் வச்சாங்கன்னா பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து. கடைசியில படுகளம். மண்ணுல துரியோதனனை மல்லாக்கப் படுத்த மாதிரி செஞ்சு வச்சிருப்பாங்க. ஒரு ஆள் உயரம் இல்லைங்க, ஒரு லாரி நீளத்துக்கும் மேல இருக்கும். ராத்திரி முழுக்க ஆடின பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் விடிஞ்சதும் அதே சாயத்தோட, வேர்வை வழிய, அந்த மண் பொம்மையைச் சுத்திச் சுத்தி ஓடி அடிச்சுக்குவாங்க. துரியோதனன் தோற்பான். போன வருஷமும் தோத்தான். எங்க தாத்தா காலத்துலயும் தோத்தான். முடிவு தெரிஞ்ச ஆயிரம் பேரு வெயில்ல நின்னு பார்ப்பாங்க. பீமன் தொடையில அடிக்கிறப்போ எங்க அம்மா ஒவ்வொரு வருஷமும் கன்னத்துல போட்டுக்கும்.

அந்த துரியோதனன் வேஷக்காரரை நினைச்சுப் பாருங்க. கட்டை வேஷம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம்னு உடம்பு முழுக்க மரச்சுமை. அதோட ராத்திரி பூரா ஆடிட்டு, காலையில தோற்கிறதுக்காக ஓடி வரணும். அவர் ஒழுங்காத் தோத்தாதான் பீமனுக்கு மரியாதை, பாஞ்சாலி கூந்தலை முடியிறதுக்கு அர்த்தம். தோற்கிறவன்தாங்க வேலைக்காரன். ஜெயிக்கிறவன் சும்மா நின்னாக்கூட ஊர் கை தட்டும்.

ரெஸ்லிங்கும் அதே வேலைதான். முடிவு எழுதி வச்சது, உடம்பு நிஜம். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். கூண்டு உச்சியில இருந்து மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் தள்ளி விட்டார். கிட்டத்தட்ட பதினாறு அடி. கீழே மேஜை நொறுங்குது. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாங்க, மனுஷன் எழுந்து மறுபடி கூண்டு மேலே ஏறினான். மறுபடி விழுந்தான். பல் போச்சு. அடுத்த வருஷம் மே மாசம் கான்சஸ் சிட்டியில ஓவன் ஹார்ட், கூரையில இருந்து கயிறு கட்டி இறங்கி வர வேண்டிய மனுஷன், கொக்கி விட்டு விழுந்து செத்தே போனார். அதுக்கப்புறமும் அன்னைக்கு நிகழ்ச்சியை நிறுத்தலை. அந்தக் கம்பெனி எப்படிப்பட்டதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கணும் எங்களுக்கு. அது போகட்டும். புவியீர்ப்பு நடிக்காது சார். மாமரத்துல இருந்து விழுந்தவனுக்குத் தெரியும்.

"நடிப்பு"ங்கிறது ரகசியமும் கிடையாது. 1989லயே அந்தக் கம்பெனிக்காரங்க நியூஜெர்சி மாநில செனட்டுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க, இது போட்டி இல்லை, பொழுதுபோக்குன்னு. எதுக்கு? விளையாட்டு ஆணையத்தோட கட்டுப்பாடும் வரியும் வேண்டாம்னு. ஓனரே ஒத்துக்கிட்டு முப்பத்தஞ்சு வருஷம் தாண்டியாச்சு. நீங்க இன்னைக்கு வந்து எனக்கு ரகசியம் சொல்றீங்க.

அதனால என் புகார் "பொய்"ங்கிறது இல்லை. பொய்யைக் கூட ஒழுங்கா சொல்லலைங்கிறது.

நான் ஒரு தடவை விட்டவன். 2014 ஏப்ரல், ரெஸில்மேனியா 30. அந்த மேடையில அண்டர்டேக்கர் 21 தடவை தொடர்ந்து ஜெயிச்சிருந்தார். 22வது தடவை பிராக் லெஸ்னர் கிட்ட தோத்துட்டார். அந்த அரங்கத்துல வாயைப் பிளந்துக்கிட்டு நின்ன ஜனங்களை மாதிரியே நானும் நின்னேன். அன்னையோட சரி. கல்யாணம் ஆகி, அப்பா போய், கொல்லை பொறுப்பு தலையில விழுந்த நேரம். விட்டதுக்கு அதுவும் காரணம்தான், எல்லாப் பழியையும் லெஸ்னர் மேல போட முடியாது. பின்னாடி படிச்சேன், அந்தச் சண்டையில அண்டர்டேக்கருக்கு நிஜமாவே தலையில அடி பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார், பாதி ஞாபகமே இல்லையாம். ஞாபகமே இல்லாம முடிச்சுக் கொடுத்திருக்கார் வேலையை. அதைப் படிச்சதும் கோபம் போயிடுச்சு.

திரும்ப இழுத்துக்கிட்டு வந்தது மருமவன். மச்சானோட பையன், பன்னெண்டு வயசு. மச்சானும் இப்போ சுரங்கத்துலதான் வேலை, வேற வட்டம், அதே அச்சு வீடு. 2025ல சீனா கடைசி வருஷம் ஆடுறார், டிசம்பரோட ஓய்வுன்னு பையன் ஒரே குதி. அவனுக்கு சீனான்னா உசுரு. பச்சை டீஷர்ட்டு, தொப்பி, முகத்துக்கு முன்னாடி கையை ஆட்டுறது, எல்லாம் உண்டு.

எனக்கு சீனாவை அவ்வளவா பிடிக்காது, உண்மையைச் சொல்லிடுறேன். 2002ல வந்தவர். ரொம்ப நல்லவன். ஒவ்வொரு வாரமும் நல்லவன். ஆனா ஒரு விஷயத்துக்குத் தலை வணங்கணும். தீராத நோய்ல கிடக்கிற பிள்ளைங்களோட ஆசையை நிறைவேத்துற அமைப்பு ஒண்ணு இருக்கு, மேக்-எ-விஷ். அதுக்காக 650 பிள்ளைங்களுக்கு மேல நேர்ல போய்ப் பார்த்திருக்கார். வேற யாரும் அந்தக் கணக்கைத் தொடலை. "விட்டுக் கொடுக்காதே"ன்னு சட்டையில எழுதிப்போட்டு வித்தவர், அதை ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துலயும் போய்ச் சொன்னார்.

அப்படிப்பட்ட ஆள் மார்ச் 1ஆம் தேதி டொரண்டோவுல கெட்டவனா மாறினார். இருபது வருஷத்துக்கு மேல நல்லவனா இருந்தவர். ராக் வந்து சாம்பியன் கோடி ரோட்ஸ் கிட்ட உன் ஆன்மாவை எனக்குக் கொடுன்னு கேட்கிறார். கோடி மாட்டேங்கிறார். சீனா கோடியைக் கட்டிப்பிடிச்சு, அப்படியே கீழே ஒரு உதை. அந்த முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. மருமவன் அழுதுட்டான். நான், பத்து வருஷமா விட்டவன், வரப்பு மேல உட்கார்ந்து அந்தத் துண்டு வீடியோவை ஆறு தடவை பார்த்தேன். ஏன் மாறினான்? ராக் என்ன விலை பேசினான்? கர்ணன் கதையா, சகுனி கதையா? மச்சானும் நானும் போன்ல ஒரு மணி நேரம் பேசினோம். முந்திரி விலை பத்திக்கூட நாங்க அவ்வளவு நேரம் பேசினதில்லை.

விதை நல்ல விதைங்க. அதைச் சொல்லியே ஆகணும்.

ஏப்ரல் 21, திங்கட்கிழமை விடியக்காலை. அங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம், லாஸ் வேகஸ்ல ரெஸில்மேனியா 41, ரெண்டாவது நாள். நமக்கு நாலரை மணி. முந்திரி உதிர்ற நேரம் அது. விடியறதுக்குள்ள கொல்லையில இருக்கணும், இல்லைன்னா பொறுக்கிறதுக்கு வேற ஆள் வந்துடும். அதை விட்டுட்டு முதல் நாள் ராத்திரியே டவுன்ஷிப்பு போய்ப் படுத்தேன். பொறுக்குற வேலையை வீட்டுல தள்ளிவிட்டதுக்கு என்ன பேச்சு வாங்கினேங்கிறது தனிப் பதிவு. தங்கச்சி, அதாவது மச்சான் சம்சாரம், நாலு மணிக்கு எழுந்து டீ போட்டுச்சு. "இந்த வயசுல"ன்னு ஆரம்பிச்சு, எங்க மூஞ்சியைப் பார்த்துட்டு நிறுத்திக்கிச்சு.

முதல் சண்டை பொண்ணுங்க சண்டை. இயோ ஸ்கை, பியான்கா பெலேர், ரியா ரிப்ளி, மூணு பேரு. அடேங்கப்பா. ஒரு நொடி வீணாகலை. மூணு பேரும் மத்த ரெண்டு பேரைப் பெரிய ஆளாக் காட்ட உயிரைக் கொடுத்தாங்க. அன்னைக்கு உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான். மச்சானுக்கு ஆறு மணி ஷிப்டு. அதைப் பார்த்துட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினான். "சீனா சண்டை வர்றதுக்குள்ள என் உயிரு போயிடும், முடிஞ்சதும் மெசேஜ் போடு மச்சான்"னு சொல்லிட்டுப் போனான்.

அப்புறம் விளம்பரம். நடுவுல சண்டை. அப்புறம் விளம்பரம். வளையத்துத் தரையிலேயே விளம்பரம் அச்சடிச்சிருக்கான், மல்லாக்க விழுந்தவன் விளம்பரத்து மேல விழுறான். வெயில் ஏறிடுச்சு.

கடைசியில சீனா வந்தார். ஆட்டம் பாட்டம் இல்லாம, சும்மா நடந்து வந்தார். அந்த இடம் நல்லா இருந்துச்சு. சண்டை? மெதுவா, ரொம்ப மெதுவா. 47 வயசு ஆளு, அதைக் குத்தம் சொல்லலை. மருமவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு "ராக் எப்போ மாமா வருவாரு?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். நானும் இப்போ வருவாரு, இப்போ வருவாருன்னேன். வந்தது யாரு? டிராவிஸ் ஸ்காட். ராப் பாட்டுக்காரர். அவர் பாட்டு ஓடுது, அவர் பொறுமையா, கல்யாண வீட்டுக்கு மொய் வைக்க வர்ற மாதிரி நடந்து வர்றார். அது வரைக்கும் சண்டை போடுறவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. நடுவரை வெளியே இழுத்து விட்டார். கோடிக்கு பெல்ட்டால அடிக்கிற வாய்ப்பு வருது, மனசு வராம கீழே வைக்கிறார். சீனா கீழே ஒரு அடி, பெல்ட்டால மண்டையில ஒரு அடி, ஒண்ணு ரெண்டு மூணு. 17வது பட்டம். ரிக் ஃபிளேரோட 16ங்கிற சாதனை, தலைமுறை தலைமுறையா பேசின எண்ணு, இப்படி உடைஞ்சுது.

ராக் வரவே இல்லை.

எங்க போனான்னு கேள்வி இல்லை. ஏன் வரலைன்னு ஒரு வரி கதையில இல்லை. ஆன்மாவை விலை பேசினது யாரு? ராக். அந்த ஆளு வெறும் நடிகனும் இல்லை, கம்பெனியோட இயக்குநர் குழுவுல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர். வித்த சரக்கை ஒப்படைக்க வேண்டிய நாள்ல ஆளைக் காணோம். படுகளத்து அன்னைக்குக் காலையில பீமன் வரலை, அதுக்குப் பதிலா டவுன்ல இருந்து ரெக்கார்டு டான்ஸ்காரரைக் கூப்பிட்டு துரியோதனன் தொடையில அடிக்கச் சொன்னா எங்க ஊர்ல என்ன நடக்கும் தெரியுமா? கூத்து வாத்தியார் அன்னைக்கு ஊரைத் தாண்டிப் போக முடியாது.

மச்சானுக்கு என்ன மெசேஜ் போடுறதுன்னு தெரியாம போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மருமவன்தான் கேட்டான். "மாமா, சீனா ஏன் கெட்டவராயிட்டாரு? இப்பவாவது சொல்லுவாங்களா?" பாருங்க, பன்னெண்டு வயசுப் பையனுக்கு வந்த கேள்வி லாஸ் வேகஸ்ல கதை எழுதுறவனுக்கு வரலை. சீனா தோத்தாரா ஜெயிச்சாராங்கிறது அவனுக்குப் பிரச்சனை இல்லை. ஏன்னு கேட்டான். நாங்க ஏழு வாரம் அந்த "ஏன்"னுக்குத்தான் காத்திருந்தோம்.

வஞ்சகம் இல்லாம சொல்றேன், முதல் நாள் ராத்திரி மூணு பேர் சண்டை, பங்க், ரோமன், ரோலின்ஸ், அதுல பால் ஹேமன் ரெண்டு பேரையும் கழுத்தறுத்தது, அது நல்ல கதை. அந்த ஆளுக்குக் கதை தெரியும். அதாவது, செய்யத் தெரியாம இல்லை. செய்யணும்னு தோணலை.

ஏன் தோணலை? இதுதான் என் ஆத்திரத்தோட அடி. நாங்க வாடிக்கையாளர் இல்லை. எங்களை வச்சுத்தான் அவங்க வித்துக்கிட்டு இருக்காங்க. நெட்பிளிக்ஸ் பத்து வருஷத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல பேசி வாரநாள் நிகழ்ச்சியை வாங்கியாச்சு. சவுதிக்காரங்க 2027 ரெஸில்மேனியாவையே ரியாத்துக்கு வாங்கியாச்சு. தரை விளம்பரக்காரனுக்கு. காசு முன்கூட்டியே வந்துடுச்சு. கதை நல்லா இருந்தாலும் இல்லைன்னாலும் கல்லா அதே கல்லா. கூத்து ஆடுறவருக்கு நிலைமை அப்படி இல்லை. நடுராத்திரி ஜனம் எழுந்து போனா அவர் கண்ணுக்கு நேராத் தெரியும். அடுத்த வருஷம் அந்த ஊர்ல வெத்தலை பாக்கு கிடைக்காது. அந்தப் பயம்தான் அவரை விடியிற வரைக்கும் ஆட வைக்குது.

நம்ம நாட்டுக்கே ஒரு தடவை வந்தாங்களே, 2023 செப்டம்பர் 8, ஹைதராபாத் கச்சிபௌலி. சீனா முதல் தடவையா இந்தியாவுல இறங்கினார். ரோலின்ஸோட ஜோடி சேர்ந்து ரெண்டு பேரை அடிச்சுட்டுப் போனார். நம்ம ஊரு ஏழடி ஷாங்கியை குந்தர் கிட்ட நிறுத்தி அடி வாங்க வச்சாங்க. அன்னைக்கு நடந்த எதுவும் அடுத்த வாரக் கதையில ஒரு வரியாக்கூட நிக்கலை. கலெக்டர் வந்து ரிப்பன் வெட்டிட்டுப் போற மாதிரி வந்துட்டுப் போனாங்க. அப்பவும் ஜனங்க தொண்டை கிழியக் கத்தினாங்க. நம்ம ஜனங்களுக்குக் கத்தக் காரணம் வேண்டியதில்லை, அதுதான் அவங்களுக்குச் சௌகரியம்.

மச்சான் ஷிப்டு முடிச்சு ரெண்டரை மணிக்கு வந்தான். செம்மண்ணு சட்டையோட வாசல்ல நின்னே கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "உனக்கு வயசாயிடுச்சு மச்சான். நாம சின்னப் பசங்களா இருந்தப்போ வந்தது மட்டும் ரொம்ப ஒழுங்கா?"ன்னான். நியாயமான கேள்வி. ஒழுங்கு இல்லை. 1994ல அண்டர்டேக்கரையே ரெண்டாக்கி, நிஜ அண்டர்டேக்கருக்கும் போலி அண்டர்டேக்கருக்கும் சண்டை வச்சாங்க. பின்னாடி பெரியவனாகித் தேடிப் பார்த்தா, அவ்வளவு மட்டமான சண்டை. பழசெல்லாம் பொன்னுன்னு நான் சொல்ல மாட்டேன், பழைய கூத்துலயும் குடிச்சுட்டு ஆடினவங்க உண்டு. ஆனா அந்தக் குப்பையிலயும் ஒண்ணு ஆரம்பிச்சா முடிச்சாங்க. போலி ஆளை வச்சது தப்பு, ஆனா நிஜ ஆளு வந்து அவனைச் சவப்பெட்டியில போட்டு மூடினாரு. கணக்கு நேராச்சு. இது பாதி அறுத்துட்டுக் கழனியை விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. ஆகஸ்ட் 1ஆம் தேதி டிவியில வந்து, திடீர்னு சீனா திரும்பவும் நல்லவர். அஞ்சு மாசக் கெட்டவன் ஒரே ராத்திரியில காணாமப் போனான். ரெண்டு நாள் கழிச்சு, 3ஆம் தேதி கோடி கிட்ட பட்டத்தைத் தோத்துட்டு, கை கொடுத்துட்டுப் போனார். அது நல்ல சண்டைன்னு மருமவன் சொன்னான், நான் பார்க்கலை. டொரண்டோ உதைக்குக் காரணம் கடைசி வரைக்கும் வரலை.

இப்போ இந்த டிசம்பர். 13ஆம் தேதி வாஷிங்டன்ல கடைசிச் சண்டை. நமக்கு ஞாயித்துக்கிழமை காலை. நான் கழனியில மடை திருப்பிக்கிட்டு இருந்தேன், முட்டி வரைக்கும் சேறு. போன் அடிக்குது, மருமவன். குரலே சரியில்லை. "மாமா, சீனா தட்டிட்டாரு." குந்தர் கழுத்தைப் பிடிச்சு இறுக்கினதுல, விட்டுக் கொடுக்காதேன்னு இருபது வருஷமா சொன்ன ஆளு, சிரிச்சுக்கிட்டே கையைத் தட்டி ஒத்துக்கிட்டாராம். அரங்கம் முழுக்க ஊளையிட்டுச்சாம். உலகம் பூராவும் ரசிகருங்க கொதிச்சுப் போயிருக்காங்கன்னு சொன்னான்.

இதுல நான் ஊரோட ஒத்துப்போகலை. ஏப்ரல்ல கோபப்படாதவங்க டிசம்பர்ல கோபப்படுறாங்க. போற ஆளு, நிக்கிற ஆளுக்குத் தோத்துக் கொடுத்துட்டுப் போறதுதான் அந்தத் தொழிலோட பழைய வழக்கம். குந்தர் நாளைக்கு நடந்து வந்தா, சீனாவைத் தட்ட வச்சவன்னு நாலு பேரு பயப்படுவாங்க. சீனா கடைசி நாள்ல துரியோதனன் வேலையைப் பார்த்திருக்கார். லாஸ் வேகஸ்ல 17வது பட்டம் ஜெயிச்சப்போ யாருக்கு என்ன கிடைச்சுது? கோடிக்கு ஒண்ணுமில்லை, சீனாவுக்கு ஒரு எண்ணு, டிராவிஸ் ஸ்காட்டுக்கு ஒரு நடை.

இதையெல்லாம் போன்ல அவன்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்ததுல மடையைக் கவனிக்கலை, பக்கத்துக் கழனிக்குத் தண்ணி பாய்ஞ்சுடுச்சு. பங்காளி வரப்பு மேல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தார். "யாருகிட்டடா இவ்வளவு சண்டை?"ன்னு கேட்டார்.

ஜான் சீனான்னேன். எந்த ஊருன்னு கேட்டார்.

வைகாசியில எங்க ஊர்ல பாரதம் வைக்கிறதாப் பேச்சு. மருமவனைக் கூட்டிக்கிட்டுப் போறதா சொல்லியிருக்கேன். ராத்திரி பூரா முழிச்சிருக்கணுமான்னு கேட்டான். ஆமான்னு சொன்னேன். நடுவுல விளம்பரம் வருமான்னு கேட்டான்.